நிரஞ்சன் கொண்டுவந்த கயிறு

கண்டியை அடுத்த ஹந்தானை மலையில் சுற்றுலாக்காரர்களைக் கயிறு கட்டிப் பாறை ஏற்றும் யசோதினி, யாரையும் எதையும் லேசில் நம்பமாட்டாள். தேங்காயைத் தட்டிப் பார்ப்பது ஊரில் எல்லோரும் செய்வதுதான். இவள் தட்டி, ஆட்டி, முகர்ந்து, கடைக்காரரின் முகத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். குண்டசாலை பஸ் இதோ கிளம்புகிறது என்று கண்டக்டர் கத்தினால், டிரைவர் சீட்டில் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். அப்படியொரு பிறவி.

பழைய கயிற்றின் கனத்தைச் சுமந்தே அவள் தங்கை டிலானிக்குத் தோள் வீங்கிவிட்டது. பாறையில் எப்போதும் முதலில் ஏறுகிறவள் டிலானி. அவளுக்காக மெல்லிய, பாரமில்லாத கயிறாகப் பார்த்துத் தேர்ந்து வரவழைத்தாள் யசோதினி. கண்டி டவுனுக்கு வந்த பார்சலைத் தன் ஓட்டோவில் எடுத்துவந்தவன் டிலானியின் புருஷன் நிரஞ்சன். மாதத்துக்கொரு போன் மாற்றுகிற ஆள். நல்லதை எங்கேயோ தள்ளிவிட்டுப் பழசை நம் தலையில் கட்டுகிறானோ?

"பார்சல் ஏன் பிரிஞ்சிருக்கு தம்பி?"

"சரியான சாமானான்னு நான்தான் பிரிச்சுப் பார்த்தேன்க்கா."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை விரல்களுக்கிடையே ஓடவிட்டாள். குழைந்து குழைந்து வந்தது. ஓரிடத்தில் மட்டும் சற்று விறைப்பு.

"புதுக்கயிறு அப்பிடித்தான்," என்றான் நிரஞ்சன். "என் பொண்டாட்டி நாளைக்குத் தொங்கப்போற கயித்துல நான் விளையாடுவேனா?"

"உனக்கு இவரப் பிடிக்காதுக்கா. அதுக்குக் கயிறு என்ன பண்ணும்?" என்றாள் டிலானி. யசோதினிக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது உண்மைதான்.

அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த பலாமரத்தில் மணல்மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கயிறு அசையாமல் தாங்கியது. பார்த்தீர்களா என்பதுபோல நிரஞ்சன் சிரித்தான். டிலானி கயிற்றை அவிழ்க்கப் போனாள்.

"இரு. தொங்குறதைத் தாங்கிருச்சு. ஆள் விழுந்தா?"

யசோதினி மூட்டையைக் கிளைவரை தூக்கிக் கைவிட்டாள். படாரென்று கயிறு அறுந்தது, அந்த விறைத்த இடத்தில். மூட்டை நிலத்தில் மோதிக் கிழிந்து மணல் சிதறியது.

யசோதினி அறுந்த முனையை முகர்ந்தாள். புளித்த நெடி.

"ஓட்டோவுல இதை எங்க வச்ச?"

"பின் சீட்டுக்குக் கீழ. பற்றரி பக்கத்துல." அவன் குரல் இறங்கியது. "கொஞ்ச நாளா அசிட் கசியுதுக்கா. பட்டிருக்கும்."

அசிட் பட்ட கயிறு வெளியே மினுங்கிக்கொண்டே உள்ளே செத்துப்போகும். ஆக, அவன் எதையும் மாற்றவில்லை. புத்தம்புதிய கயிறுதான். யசோதினிக்கு வெட்கமாக இருந்தது.

"உன்னத் தப்பா நினைச்சுட்டேன் தம்பி."

அவன் டிலானியையே பார்த்துக்கொண்டிருந்தான். "நினைச்சது நல்லதாப் போச்சுக்கா."

இப்போதெல்லாம் புதுக்கயிறு வந்தால், நிரஞ்சன் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில்தான் வருகிறான். யசோதினி தடவிப் பார்த்து முடித்ததும், அவள்மேல் நம்பிக்கையில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து தானும் ஒரு தரம் தடவிப் பார்க்கிறான்.