கடைசியில் ஓடிய வரி

திருவொற்றியூரில் நான் தனியாகக் குடியிருக்கும் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. ஒரு சனிக்கிழமை காலை அதில் ஒரு வீடியோ வந்தது. சாக்குமூட்டையோடு போகிற ஒரு ஆளைக் கூட்டம் மடக்குகிறது. மூட்டைக்குள்ளிருந்து ஒரு குழந்தையை வெளியே எடுக்கிறார்கள். ‘வடக்கத்திக்காரன் நம்ம ஏரியாவுல புள்ள புடிக்கிறான், உஷார்’ என்று பின்னால் ஒரு தமிழ்க் குரல்.

இருபது வருடமாகப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவள் நான். வீடியோவில் எந்தக் கடைப் பலகையிலும் தமிழ் இல்லை. ‘இது நம்ம ஊரே இல்லை, யாருக்கும் அனுப்பாதீங்க’ என்று குரூப்பில் எழுதினேன். பத்து நிமிடத்தில் எதிர்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள்.

“இன்னா டீச்சர், அவனுங்களுக்கு சப்போர்ட்டு பண்ணினுகீறீங்க? உங்களுக்கு இன்னா, புள்ளையா குட்டியா? பெத்தவளுக்குத்தான் பயம் கீது.”

மத்தியானம் பார்த்தால் என்னைக் குரூப்பிலிருந்து எடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னிடம் பேசியது மீன்காரம்மா மட்டும்தான். அதுவும் சங்கரா வேணுமா என்று.

திங்கட்கிழமை எட்டாம் வகுப்புக்குப் போனேன். எதிர்வீட்டுக்காரியின் மகள் அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். பீகாரிலிருந்து வந்த ஒரு பெண்ணும் படித்தாள்; அவள் அப்பா கன்டெய்னர் யார்டில் வெல்டர். அன்று கடைசி பெஞ்சில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் முன்னால் போய் நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

பாடத்தை மூடிவிட்டு லேப்டாப்பில் அந்த வீடியோவை ஓட்டினேன். “யாரோ சொன்னது வேணாம். கண்ணுல தெரியறத மட்டும் சொல்லுங்க.”

“ஆட்டோ கலரு வேற மாறி கீது டீச்சர்.”

“போர்டு எல்லாம் இந்தி.”

முடியும்போது அடியில் இந்தியில் ஒரு வரி ஓடியது. நான் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். “நீ படிக்கிறியாம்மா?”

அவள் எழுந்து, முதலில் இந்தியில் முணுமுணுத்து, பிறகு தமிழில் சொன்னாள். “இது நாடகம். மக்கள் ஜாக்கிரதையா இருக்கணும்னு நடிச்சது.”

“பொய் சொல்றா டீச்சர்” என்றாள் எதிர்வீட்டுக்காரியின் மகள். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுக் காட்டினேன். அதுவும் அதையேதான் சொன்னது.

மறுநாள் எதிர்வீட்டுக்காரி மறுபடி வந்தாள். “அது நடிப்பாமே. வூட்ல எம் பொண்ணு என்கூட ஒரே சண்டை. குரூப்புல நானே போட்டுட்டேன். உங்களையும் சேத்துக்கினோம்.” சனிக்கிழமை சொன்னதைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் வெல்டர் தன் மகளோடு டி.சி. வாங்க வந்தார். ஞாயிற்றுக்கிழமையே டீக்கடையில் நாலு பேர் அவரிடம் ஆதார் கேட்டு அடித்திருக்கிறார்கள். உதடு இன்னும் வீங்கியிருந்தது. “பயம் டீச்சர். பாப்பா இருக்கு, இல்ல?” என்றார்.

செயலி இருக்கும்போது அவளை எதற்கு எழுப்பினேன் என்று நாலு நாளாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. வராந்தாவில் அவளிடம் சொன்னேன்: “அன்னிக்கு உன்னக் கேக்காம எழுந்து படிக்கச் சொன்னது என் தப்பும்மா.”

“அன்னிக்கு நீங்க மட்டும்தான் என்கூடப் பேசுனீங்க, டீச்சர்.”

எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். அப்பாவுக்கே இன்னும் தெரியாது என்றாள்.