பாறைமேல் வைத்த சோறு

மேற்கு டெக்சாஸின் பாலைவனப் பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டிருக்கிறோம். இன்று அமாவாசை. என் கணவர் சேகர் காலையிலேயே கேம்ப் ஸ்டவ்வில் சோறு வடித்து, பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்து, ஒரு பாறைமேல் வைத்துவிட்டு "கா, கா" என்று கூப்பிடுகிறார். செம்பாறைச் சுவர்கள் அதையே திருப்பிச் சொல்கின்றன. காக்கை வரவில்லை. புதரிலிருந்து ஒரு சாம்பல் நரி வந்து சோற்றைத் தின்கிறது.

"அப்பாவே வந்த மாதிரி இருக்கு. ஒரு போட்டோ எடு," என்கிறார் கண் கலங்கி. அடுத்த உருண்டையைக் கையிலேயே நீட்டுகிறார். நரி தயங்கித் தயங்கி வாங்கிக்கொள்கிறது. விலங்குகளுக்கு உணவு தரக்கூடாது என்ற பலகையை நேற்று உள்ளே நுழையும்போது உரக்கப் படித்தவரும் இவர்தான். நான் கேமராவைத் தொடவில்லை.

பக்கத்துக் கூடாரத்து அமெரிக்கப் பெண் விறுவிறுவென்று வருகிறாள். "இனி இது மனிதர்களின் கையைத் தேடி வரும். யாரையாவது கடித்தால் சுட்டுவிடுவார்கள், தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள்.

சேகர் அவளிடம் சாரி சொல்லிவிட்டு என்னிடம் முணுமுணுக்கிறார். "அப்பாவுக்கு ஒரு வாய் சோறு வெச்சது குத்தமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "அப்பாவுக்கு வெச்சீங்க, சரி. சுடப்போறது யாரை?"

அவர் குனிந்து பாறையில் ஒட்டியிருந்த பருக்கைகளை வழித்தெடுக்கிறார்.

மாலையில் பள்ளத்தாக்குக்குள் நடந்துவிட்டுத் திரும்புகிறோம். நரி அந்தப் பெண்ணின் கூடாரத்துக்கு முன்னால் நின்று அவள் கையையே பார்க்கிறது. அதை விரட்ட அவள் ஒரு கல்லை எறிகிறாள். நரி ஓடவில்லை. கல்லருகே போய், ஆசையாக முகர்ந்து பார்க்கிறது.