அட்டையில் அச்சிட்ட வேகம்

அட்டையில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பும் மடையன் நான். புதுப் பென் டிரைவ் அட்டையில் போட்டிருந்த வேகத்தைப் பார்த்து, தங்கச்சியின் கல்யாண வீடியோக்களை அதில் ஏற்ற ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் போதும் என்று அக்காவிடம் அடித்துச் சொன்னேன். அக்கா வில்கமுவைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அங்கே அவருடைய மாமியார் படுக்கையில் இருந்தபடி கல்யாணத்தைப் பார்க்கக் காத்திருந்தார்.

வீடியோ ஏறும் வேகம் முதலில் பறந்தது, கொஞ்ச நேரத்தில் நொண்டத் தொடங்கியது.

"அட்டையில போட்டது வாசிக்கிற வேகம்க்கா. எழுதுறப்ப அவ்வளவு வராது. நம்ம கம்ப்யூட்டர் போர்ட்டும் பழசு," என்று பெரிய விஞ்ஞானி மாதிரி விளக்கினேன்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏறின வரைக்கும் கொண்டு போறீங்களா?"

அக்கா போட்ட செருப்பைக் கழற்றினார்.

"தாலி கட்டுறதே இன்னும் ஏறல, நாளைக்குப் போறேன்."