ஏழாவது வெள்ளாமை

பஞ்சவர்ணத்தின் பாட்டனைக் கொழுந்து பறிக்கவென்று இலங்கைக்குக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவன் வெள்ளைக்காரன். அவள் பிறந்தது பண்டாரவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய ஓரறை வீடுகளில் ஒன்றில். எழுபத்தேழு கலவரத்தில் லயம் எரிந்தபோது, புருஷன் வைரவன் அவளையும் கைக்குழந்தை ராதாவையும் கூட்டிக்கொண்டு வன்னிக் காட்டோரம் வந்து சேர்ந்தான்.

தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்குக் கலப்பை படியவில்லை. எருமை அவன் சொல் கேட்காமல் வரப்பில் ஏறியது. முதலில் விதைத்த குரக்கனை, அந்தக் கேழ்வரகைப் பன்றி தின்றது. மலேரியா இருவரையும் மாறிமாறிக் கிடத்தியது. ஆனாலும் அடுத்த ஆண்டு குளத்துத் தண்ணீரில் நெல் விளைந்தது. அன்று சோற்றைப் பிசைந்தபடி வைரவன் சொன்னான்:

“இத நிறுத்துப் பாக்க எந்தத் தோட்டத்துக் கணக்கப்புள்ளையும் வரமாட்டான்.”

நாலு வெள்ளாமை அப்படி எடுத்தார்கள். பிறகு குளத்துக்குத் தெற்கே அரசாங்கத்துப் புல்டோசர் வந்தது. தெரு போட்டார்கள், தகரக் கூரை வீடுகள் வரிசையாக எழுந்தன, வெளியிலிருந்து லொறிகளில் சிங்கள ஆட்கள் வந்து குடியேறினார்கள். வாய்க்காலை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். கேட்கப் போனவர்களிடம், உங்கள் காணிக்குக் கடுதாசி எங்கே என்று கேட்டார்கள். இனிக் கிணறுதான் கதி. அதற்குத் தண்ணீர் இறைக்கும் மிஷின் வேண்டும். எண்பத்து மூன்றில் பஞ்சவர்ணம் சவூதியில் தம்மாமுக்கு வீட்டு வேலைக்குப் போனாள்.

பதினோரு அறை வீடு. விடியும் முன்னே தொடங்கினால் மேடம் ‘கலாஸ்’, போதும் என்று சொல்லும்வரை வேலை. மிஷின் வாங்கிவிட்டதாகவும், நெல் முடிந்ததும் மிளகாய் வைத்ததாகவும் கடிதம் வந்தபோது, மூன்று நாள் இடுப்பு வலியே தெரியவில்லை அவளுக்கு. எண்பத்து நாலு மார்கழியோடு கடிதம் நின்றது.

மேடத்தின் புருஷனுடைய ஆபீசில் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்து அரியரத்தினம்தான் அவளுக்குக் கடிதம் கொண்டுவந்து வாசித்துக் காட்டுபவன். அவன் லீவில் ஊருக்குப் போனபோது, பார்த்துவிட்டு வரும்படி கெஞ்சிக் கேட்டிருந்தாள். திரும்பி வந்தவன் சமையலறைப் பின்வாசலில் நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஊரில ஒருத்தரும் இல்லையக்கா. ஆமிக்காரர் ஒரு நாள் தவணை குடுத்து எல்லாரையும் ஊரை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டாங்கள். ராதா வவுனியாவில முகாமில, பக்கத்து வீட்டாக்களோட நிக்கிறாள். சுகமா இருக்கிறாள்.”

“கதிரு முத்தியிருக்குமே தம்பி. யாரு அறுத்தாங்க?”

“புதுசா வந்த ஆக்கள்தான் அறுத்தவையாம்.”

அவன் இன்னும் போகாமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான், கேட்க வேண்டியதை முதலில் கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

“அவரு?”

அரியரத்தினம் தரையைப் பார்த்தபடி சொன்னான். இது ஏழாவது வெள்ளாமை, நெல்லை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று வைரவன் காவல் பரணிலேயே நின்றுவிட்டானாம். அதன் பிறகு அவனைக் கண்டவர் யாருமில்லை. தேடிப்போன இருவரைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

அவள் அழவில்லை. உள்ளே மேடம் கூப்பிட்டாள். போய்த் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். நெல்லை முதலில் விசாரித்த தன் நாக்கைப் பிறகு பல மாதம் அவளால் மன்னிக்க முடியவில்லை. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி காதில் விழுந்தது.

ஒப்பந்தம் முடிந்தது. போய் நிற்க வீடில்லை. ராதாவை விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும். இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருக்கச் சம்மதித்தாள். படிவத்தை நிரப்பிய அரியரத்தினம் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தி, என்ன எழுத என்று மெல்லக் கேட்டான்.

“புருஷன் இருக்காருன்னே எழுதுங்க தம்பி” என்று சொல்லி, பெருவிரலில் மையைத் தேய்த்தாள்.