நான் சாகடித்த நாற்பத்தொரு மாடுகள்

எங்கள் ஆபீஸ் படிவத்தில் மாட்டின் வயதை எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் ஓர் எண்ணை எழுத வேண்டும். மூன்று என்றால் மூன்று, ஐந்து என்றால் ஐந்து, அவ்வளவுதான் வேலை. அந்தக் கட்டத்தில் இதுவரை எனக்கு வந்து சேர்ந்தவை: "நாலு பல்லு", "ரெண்டு ஈத்து", "இளசுதான்", "வீட்டுக்காரருக்குத் தெரியும்", "கேட்டுச் சொல்றேன்". ஒரு தடவை யாரோ அதில் போன் நம்பரைப் போட்டுவிட்டார்கள். அந்த மாட்டுக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கோடி வயது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது.

நான் மதுரையில் ஒரு தனியார் பால் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறவள். மாட்டுத்தாவணிக்குப் பின்பக்கம் மூன்றாவது மாடியில் ஆபீஸ். எங்களுக்குப் பால் ஊற்றுகிற ஒவ்வொரு மாட்டுக்கும் காதில் ஒரு மஞ்சள் வில்லை மாட்டி, அதில் ஓர் எண் போட்டிருக்கும். அந்த எண்ணுக்கு நேரே வயது, எத்தனை தடவை ஈன்றது என்கிற ஈத்து, சினை, ஊசி எல்லாவற்றையும் ஊர் ஊராகப் போகிற சூப்பர்வைசர்கள் எக்ஸெல் ஃபைலில் நிரப்பி அனுப்புவார்கள். பத்துப் பேர் பத்து விதமாக அனுப்புவதை ஒன்றாகச் சேர்ப்பதுதான் என் பிழைப்பு. என்ன படித்தாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் கம்ப்யூட்டர் என்பேன். என்ன வேலை என்று கேட்டால் மாடு என்பேன். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்தப் பத்துப் பேரில் என் ரத்தக் கொதிப்புக்கு முழுப் பொறுப்பு ஏற்க வேண்டியவர் கொட்டாம்பட்டிப் பக்கம் பார்க்கிற அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். மாட்டைத் தெருமுனையில் நின்று பார்த்தே எத்தனை மாதச் சினை என்று சொல்லிவிடுவார், தப்பாது. ஆனால் கையில் ஒரு ஃபைலைக் கொடுத்தால் போச்சு. "புதுசு", "ரொம்பப் புதுசு", "இதான் கடைசி", "கடைசிக்கு அடுத்தது" என்று நாலு ஃபைல் ஒரே நாளில் வரும். நாலிலும் நாலு விதமான மாடுகள் இருக்கும்.

ஒரு மாதம் முதல் மாட்டுக்கு மூன்று வயது, இரண்டாவதற்கு நாலு என்று போட்டவர், மிச்சத்தை யார் அடிப்பது என்று மவுஸைப் பிடித்துக் கீழே வரைக்கும் இழுத்துவிட்டார். ஐந்து, ஆறு, ஏழு என்று கம்ப்யூட்டர் தானாகவே நிரப்பிக்கொண்டே போய், கடைசி மாட்டுக்கு நூற்று முப்பத்தெட்டு வயது கொடுத்துவிட்டது. வெள்ளைக்காரன் ஆண்டபோது பிறந்த மாடு. தினமும் எட்டு லிட்டர் வேறு கறக்கிறது. போனைப் போட்டேன்.

"யாரு இப்பிடிப் போட்டது?" என்றேன். இது என் வழக்கமான முதல் வாக்கியம். ஆபீஸில் என் முதுகுக்குப் பின்னால் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"அவசரத்துல போட்டது மேடம்" என்றார். இது அவருடைய வழக்கமான பதில்.

அதையாவது மன்னித்துவிட்டேன். செத்துப்போன மாட்டை உயிரோடு எழுப்பியதைத்தான் பொறுக்க முடியவில்லை. போன மாதம் "இறந்துவிட்டது" என்று அனுப்பிய மாட்டை இந்த மாதம் "ஆறு மாதச் சினை" என்று அனுப்பியிருந்தார். கேட்டதற்கு, "அது வேற மாடு மேடம்" என்றார். எண்ணை இன்னொரு தடவை கேட்டுவிட்டு, "இல்ல, அதேதான்" என்றார்.

அன்றைக்கு ஒரு வெறி வந்தது. எங்களுக்கு சாஃப்ட்வேர் செய்து தருகிற சென்னை கம்பெனிக்கு நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். ஒரு தடவை இறந்ததாகப் பதிவான மாட்டை எந்தக் காரணத்தைக் கொண்டும் யாரும் உயிரோடு மாற்றக் கூடாது. எங்கள் கம்பெனியின் மருந்து ஸ்டோரில் மாட்டு எண் இல்லாமல் ஒரு துண்டுப் பஞ்சுகூட வெளியே போகக் கூடாது. செத்த மாட்டின் எண்ணுக்கு எதுவுமே போகக் கூடாது. "எந்தக் காரணத்தைக் கொண்டும்" என்பதற்கு அடிக்கோடு போட்டேன். அவர்களும் அப்படியே செய்துகொடுத்தார்கள். மேனேஜர் கைகொடுத்தார். பசுமலையில் இருக்கிற என் வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, எனக்கு நானே ஒரு பருத்திப்பால் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். பால் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு இதைக் குடிக்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் குடித்தேன்.

அடுத்து வந்தது நிறப் பிரச்சினை. மேலூர்ப் பக்கம் பார்க்கிறவர் ஒழுங்கானவர். இறந்த மாட்டின் வரிசைக்குச் சிவப்பு அடித்துவிடுவதாக முன்கூட்டியே சொல்லியிருந்தார். எவ்வளவு நல்ல பழக்கம் என்று பூரித்துப்போய், சிவப்பு வரிசையைக் கண்டால் "இறந்துவிட்டது" என்று மாற்றுகிற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். எழுதியதை மேலூர் ஃபைலோடு நிறுத்தியிருக்கலாம். பத்து ஃபைலிலும் ஓட்டினேன். காலை பத்து மணிக்கு ஓட்டிவிட்டுத் தேங்காய் பன் சாப்பிடக் கீழே இறங்கினேன்.

இறந்த மாட்டின் வீட்டுக்காரருக்கு எங்களிடமிருந்து தானாகவே ஒரு குறுஞ்செய்தி போகும். வாசகம் நான் எழுதியதுதான். "தங்கள் குடும்பத்தில் ஒருவராக வாழ்ந்த கால்நடையின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். தகவலில் பிழை இருப்பின் அழைக்கவும்." அழைத்தால் மணி என் மேசையில் அடிக்கும். இத்தனை வருஷத்தில் அது நாலைந்து தடவைகூட அடித்ததில்லை. நான் பன்னை முடித்துவிட்டு மேலே வந்தபோது அது விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"இப்பத்தாங்க பால் கறந்துட்டு வந்து ஒக்காந்திருக்கேன். ஆழ்ந்த எரங்கல்னு வந்திருக்கு. மாட்டுக்கா, எனக்கா?" என்றார் ஒருவர்.

"செய்தியப் படிச்சுட்டு எம் மச்சினன் மாட்டுத்தாவணியில மாலை வாங்கிக்கிட்டு பஸ் ஏறிட்டான். இப்ப அவன்கிட்ட நான் என்னன்னு சொல்ல?" என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர் மாட்டின் பக்கத்தில் போனைப் பிடித்து, அது கத்துவதை எனக்குக் கேட்க வைத்தார். அழைத்த அத்தனை பேரும் கொட்டாம்பட்டிப் பக்கத்துக்காரர்கள். கணக்கெடுத்துப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் நாற்பத்தொரு மாடுகள் ஒரே நிமிஷத்தில் செத்திருந்தன. எங்கள் அண்ணனுக்குப் போனைப் போட்டேன்.

"எதுக்குண்ணே செவப்பு அடிச்சீங்க?"

"செவல மாடு மேடம். செவலைக்குச் செவப்பு அடிச்சேன். காரிக்குக் கருப்பு அடிச்சேன். வெள்ளைக்கு ஒன்னும் அடிக்கல, அது ஏற்கனவே வெள்ளையாத்தான இருக்கு."

அவர் ஃபைலில் சில வரிசைகள் கன்னங்கரேல் என்று வந்ததை அதுவரை என் திரையின் கோளாறு என்று நினைத்திருந்தேன். கறுப்புக் கட்டத்துக்குள் கறுப்பு எழுத்தில் காரி மாடுகள் பத்திரமாக இருந்திருக்கின்றன.

"யாரக் கேட்டு அடிச்சீங்க?"

"நீங்கதான மேடம் சொன்னீங்க, மாட்டோட நெறம் கண்டிப்பா ஃபைல்ல இருக்கணும்னு?"

சொல்லியிருந்தேன். அடிக்கோடு போட்டே சொல்லியிருந்தேன்.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். பதினோரு மணிக்கு ஓர் அம்மா அழைத்தார். கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளி ஓர் ஊர். விடியும்போது அவருடைய செவலை மாடு கன்று போட்டிருக்கிறது. மூன்றாவது ஈத்து. கன்று எழுந்து நின்றுவிட்டது, தாய் எழவில்லை. கழுத்தை வயிற்றுப் பக்கமாகத் திருப்பிப் படுத்துவிட்டது, காது சில்லிட்டுக் கிடக்கிறது. பக்கத்து மாட்டாஸ்பத்திரி டாக்டர் அன்றைக்கு வேறு ஊர் முகாமுக்குப் போயிருக்கிறார். அதனால் இவர் எங்கள் கம்பெனி டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார்.

"டாக்டரு வாரேன்னுதான் சொல்றாரு. மருந்து குடுக்குற எடத்துலதான், செத்த மாட்டுக்குத் தர மாட்டோம்ங்குறாகளாம். அது தலையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டுத்தான் பேசுறேன் தாயி. மூச்சு விடுது. எனக்கும் எம் ரெண்டு பொம்பளப் பிள்ளைகளுக்கும் இருக்குறது இது ஒன்னுதான். சாகலன்னு எழுதிருங்க தாயி."

எழுதினால் முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். எழுத முடியாதபடி பூட்டியவள் நான்.

சென்னைக்குப் பேசினேன். "ரிக்வெஸ்ட் போடுங்க மேடம், மூணு நாள் ஆகும்" என்றான் அங்கிருந்த பையன். கெஞ்சினேன். "எந்தக் காரணத்தைக் கொண்டும்னு நீங்கதானே மேடம் எழுதியிருக்கீங்க? அடிக்கோடுகூட இருக்கு" என்றான். மருந்து ஸ்டோருக்குப் பேசினேன். எண் இல்லாமல் தரக் கூடாது என்ற என் உத்தரவு சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொன்னார்கள். டாக்டர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். போனை வாங்கி, "கால்சியம் கொறஞ்சிருக்கு மேடம். பாட்டில் ஏத்துனா எந்திரிச்சிரும். மத்தியானம் வரைக்கும் விட்டோம்னா நீங்க அனுப்புன இரங்கல் செய்தி உண்மையாயிரும்" என்றார்.

என் உத்தரவுகள் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

அதற்குள் நம் அண்ணன் பைக்கில் அந்த வீட்டுக்கே போய்விட்டார். அங்கிருந்து பேசினார். "பக்கத்து வீட்டு மாட்டு நம்பரப் போட்டுருவமா மேடம்?"

"அது தப்பான தகவல்ணே" என்றேன். அந்த நேரத்திலும் அப்படிச் சொன்ன என் வாயை நானே அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"அப்ப இந்தச் செவலையவே கன்னுக்குட்டின்னு போடுங்க. கன்னுக்கு வில்லை வேணாமே, கம்ப்யூட்டரே நம்பர் குடுத்துருமே."

ஆறு வருஷமாக ஒரு கட்டத்தையும் உருப்படியாக நிரப்பாத மனுஷனுக்கு, என் சாஃப்ட்வேரில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. கன்றுப் பதிவுப் பக்கத்தைத் திறந்தேன்.

பிறந்த தேதி: இன்று. எடை: நாற்பத்தைந்து கிலோ. அதற்கு மேல் போட்டால் ஏற்காது, அந்த வரம்பை வைத்தவளும் நான்தான். தாயின் எண் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டால் விடாது. எந்த எண்ணைப் போடுவது என்று யோசிக்க நேரமில்லாமல் அந்த மாட்டின் எண்ணையே போட்டேன். செத்த மாட்டை எப்படித் தாயாக ஏற்கும் என்று பயந்தேன். ஏற்றுக்கொண்டது. ஈன்றவுடன் இறந்துபோகிற தாய்கள் உண்டு, அதற்கு இடம் வேண்டும் என்று ஒருநாள் இரக்கப்பட்டு நானே ஒரு விலக்கு எழுதி வைத்திருந்தேன். ஆக, செத்துப்போன செவலை மாடு தன்னையே ஈன்றது. பச்சை நிறத்தில் "சேமிக்கப்பட்டது" என்று வந்தது. பிறந்து ஒரு நிமிஷமான கன்றுக்குட்டிக்காக டாக்டர் கால்சியம் பாட்டிலை வாங்கிக்கொண்டு வண்டியேறினார்.

அப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை. மேசைப் போன் அடித்தபடி இருந்தது, எடுத்து எடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தலையை மடியில் வைத்திருக்கிறேன் என்று சொன்னதுதான் காதுக்குள் நின்றது. ஒன்றரை மணிக்கு என் செல்போனில் அண்ணன் வந்தார்.

"மேடம், சாணி போட்டுருச்சு!"

"நல்லதாண்ணே, கெட்டதாண்ணே?"

"நல்லது மேடம்! வயிறு வேல செய்யிது. இந்தா... முன்னங்கால ஊணுது... எந்திரிச்சிருச்சு, எந்திரிச்சிருச்சு!"

"சாணி போட்டுருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் மொத்த ஆபீஸும் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் கதவைத் திறந்து என்னவென்று கேட்டார். பதில் சொல்லத் தொடங்கி, முடியாமல் அழுதுவிட்டேன். சாணிக்காக ஒருத்தி இப்படி அழுவாளா என்று பக்கத்து மேசைக்காரருக்கு இன்றுவரை சந்தேகம்.

மீதி நாற்பது மாடுகளையும் எழுப்பச் சொல்லி அன்று மாலையே சென்னைக்கு எழுதினேன். "இத்துடன் இணைத்துள்ள நாற்பது மாடுகளும் உயிருடன் உள்ளன என்று உறுதியளிக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டேன். நாற்பத்தொன்றாவதை எழுப்ப வழியில்லை, அதுதான் மறுபிறவி எடுத்துவிட்டதே. மாலையோடு பஸ் ஏறிய மச்சினன் அதை மாட்டுக்கே போட்டுவிட்டு, கைநனைத்துவிட்டு ஊர் திரும்பினாராம். மாலையை மாடு தின்றுவிட்டதாம்.

மறுநாள் காலை கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு ஃபைல் வந்தது. ஒரே ஒரு ஃபைல். உள்ளே ஒரே ஒரு வரிசை. அந்த அம்மா வீட்டுச் செவலை ஈன்ற உண்மையான கன்றுக்குட்டி. பிறந்த தேதி தேதியாக இருந்தது, எடை எண்ணாக இருந்தது, எந்த நிறமும் அடிக்கவில்லை. தாயின் எண் கட்டத்தில் நேற்று கம்ப்யூட்டர் கொடுத்த புது எண்ணைத் தேடிப் பிடித்துப் போட்டிருந்தார். அவரிடமிருந்து இப்படி ஒரு வரிசை வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஆசையோடு ஏற்றினேன். "தாயின் வயது ஒரு நாள். பதிவு ஏற்கப்படவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டது. அந்தத் தகவல் அவருக்கும் போனது. உடனே அழைத்தார்.

"மேடம், ராத்திரி எம் பிள்ளைய பக்கத்துல ஒக்கார வச்சு, மொதத் தடவையா எல்லாக் கட்டத்தையும் சரியா நெப்பியிருக்கேன். தள்ளிருச்சு மேடம். என்னன்னு பாத்தா, தாய்க்கு வயசு ஒருநாளாம். எடை நாப்பத்தஞ்சு கிலோவாம். அதுக்கு ஆத்தா, செத்துப்போன அதே மாடாம்." ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார். "யாரு மேடம் இப்பிடிப் போட்டது?"

குரலில் சிரிப்பு இருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். இல்லை. நிஜமாகவே கோபமாகத்தான் இருந்தார்.

"அவசரத்துல போட்டதுண்ணே" என்றேன்.