பீப் சத்தமும் உள் லைட்டும்

பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் எனக்குப் பெயர். அதை நான் மறுப்பதில்லை. பாண் கருகி ஸ்மோக் அலாரம் அடித்தால்கூட செருப்பைத் தேடாமல் பாஸ்போர்ட்டைத் தேடுகிறவள் நான். அப்படிப்பட்ட ஒருத்தியின் லைசென்ஸில் ஒன்பது தண்டப் பொயின்ற் ஏறியது என்றால் யார் நம்புவார்கள்? கார்ப் பந்தயம் ஓடுகிறவள் என்றல்லவா நினைப்பார்கள்.

எல்லாமே மணிக்கு இருபது மைலுக்கு மேல் ஓடக்கூடாத தெருக்களில் வேகமாக ஓடி விழுந்தவை. வயதானவர்களை வீட்டுக்கு வீடு போய்ப் பார்க்கிற வேலை எனக்கு. ஒரு வீட்டில் ஒருவரை எழுப்பி, முகம் கழுவி, மருந்து கொடுத்து, தேத்தண்ணியைக் கையில் பிடிக்க வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். பிந்தினால் கம்பனி ஏசும், ஓடினால் வேகம் பார்க்கிற கமரா பிடிக்கும். முதல் தடவை பிடிபட்டபோது பொயின்றுக்குப் பதிலாக வகுப்பில் இருத்திப் படிப்பித்தார்கள். படித்தது மூளையில் ஏறியது, காலில் இறங்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று மூன்றாக ஏறி ஒன்பதில் வந்து நின்றது. பன்னிரண்டு ஆனால் கோர்ட்டுக்குப் போகவேண்டும், லைசென்ஸைப் பறிப்பார்கள். கார் இல்லாமல் இந்த வேலை ஏலாது. இந்த நாட்டில் எனக்கென்று நானே தேடிக்கொண்டது அந்த வேலை ஒன்றுதான். நான் போகாவிட்டால் கட்டிலிலேயே கிடக்கிற ஒரு கிழவர் இருந்தார், வேறு யார் வந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். அவரையும் சேர்த்து இழக்கப்போகிறேன் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் அண்ணை அப்டன் பார்க் என்ற இடத்தில் இருக்கிறார். யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் அதற்கு அவரிடம் ஒரு மெஷின் இருக்கும். முதுகு நோவுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. எனக்கு அவர் கொண்டுவந்தது ரேடார் டிடெக்டர். சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.

"இந்தா, இதைப் பூட்டு. வேகம் பாக்கிற கமரா ரேடார் அலை விட்டா இது முந்தியே கத்தும்."

"அண்ணை, இது சட்டத்துக்குப் பிழையில்லையோ?"

"கமராவைக் குழப்பிற ஜாமர்தான் பிழை. இது சும்மா காது மாதிரி, கேக்கும், சொல்லும். நீ பயப்பிடாதை."

பயப்படாதே என்று என்னிடம் சொல்வது மழையைப் பார்த்துப் பெய்யாதே என்று சொல்வது மாதிரி. அவர் கண்ணாடிக்குக் கீழே பெட்டியைப் பூட்டினார். டாஷ்போர்ட்டில் நான் ஒட்டி வைத்திருந்த மாதா சுருவத்தை, அந்தச் சின்னச் சிலையை, கழற்றி இடப்பக்கம் தள்ளி வைத்தார். மாதா உலோகம், பெட்டியின் முகத்துக்கு நேரே நின்றால் அலையை மறைப்பாவாம். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. இவ்வளவு காலம் காப்பாற்றியவளை ஒதுக்கிவிட்டுச் சவர்க்காரப் பெட்டியை நடுவில் வைப்பதா? போகும்போது அண்ணை இன்னொன்றும் சொன்னார். சில கமராக்கள் அலையே விடாதாம், அவற்றைக் கண்டு இந்தப் பெட்டி வாயே திறக்காதாம். ஆகக் கத்தினாலும் பயம், கத்தாவிட்டாலும் பயம் என்றாகிவிட்டது.

முதல் நாளே அது கத்தத் தொடங்கியது. சூப்பர்மார்க்கெட் வாசலில் பீப். மருந்துக் கடை முன்னால் பீப். கிரீன் ஸ்ட்ரீட்டில் கார்கள் நகராமல் நின்றபோதும் பீப் பீப் பீப். நின்ற காரில் இருந்துகொண்டு நான் பிரேக்கை அமத்தினேன். மாதாவே, இந்த ஊரில் இத்தனை கமராவா என்று நினைத்தேன். அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அது கமரா இல்லையடி," என்றார். "கடையளின்ர தானாத் திறக்கிற கதவும் அதே அலையைத்தான் விடும். இப்பத்தைய காருகளும் பக்கத்தில ஆர் வாறான் எண்டு பாக்க ரேடார் வைச்சிருக்கு. அதுதான் இது குழம்புது. சிட்டி மோட்டில போட்டு வை, கொஞ்சம் அடங்கும்."

சிட்டி மோட்டில் போட்டேன். அடங்கியது. அந்த அமைதி எனக்கு இன்னும் பெரிய கரைச்சலாக இருந்தது. பக்கத்தில் கமரா இருந்து, காது மந்தமான இது கேட்காமல் விட்டால்? பட்டனைத் திரும்ப அமத்தி, மிகக் கூர்மையாகக் கேட்கிற ஹைவே மோட்டுக்கு மாற்றினேன். காலையில் அடக்குவேன், மத்தியானம் கூட்டுவேன். மென்பொருளைப் புதுப்பி என்றார் அண்ணை, புதுப்பித்தேன். கண்ணாடியைத் துடை என்றார், துடைத்தேன். வயரைக் கழற்றிப் பூட்டு என்றார், அதையும் செய்தேன். பெட்டி திருந்தியது, நான் திருந்தவில்லை. பொலிஸ் காரைக் கண்டால் முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்துப் பெட்டியை மூடுகிற பழக்கம் வேறு வந்து சேர்ந்தது.

என் கை செய்கிற இன்னொரு வேலையை முதலில் கண்டது என் மனுசன்தான். மாரி காலம், நாலு மணிக்கே இருட்டிவிடும். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பெட்டி கத்தியது. நான் வேகத்தைக் குறைத்தேன். கூடவே வலக்கை ஹெட்லைட்டை அணைத்தது, இடக்கை மேலே போய் உள் லைட்டைப் போட்டது. இரண்டும் ஒரே நொடியில் நடந்தன.

"இஞ்சேரும், என்ன செய்யிறீர்?"

"என்ன செய்தனான்?"

"ஹெட்லைட்டை நிப்பாட்டிப்போட்டு உள் லைட்டைப் போடுறீர். இங்க ஆர் உம்மட முகத்தைப் பாக்கப் போகினம்?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டு லைட்டைச் சரிசெய்தேன். ஆனால் கைக்கு அந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இருட்டின பிறகு வான் வண்டியில் போனால், "சென்றி வருது" என்று டிரைவர் சொன்னதும் எல்லோரும் கதையை நிறுத்துவார்கள். ஆமிக்காரன் நிற்கிற மண்மூட்டைக் காவலரண்தான் சென்றி. டிரைவர் வேகத்தைக் குறைப்பார். வெளிச்சம் ஆமியின் கண்ணில் குத்தாமலிருக்க ஹெட்லைட்டை அணைப்பார். உள்ளே யார் யார் இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிய உள் லைட்டைப் போடுவார். நாங்கள் ஐடென்டிட்டி கார்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருப்போம். ஒருநாள் டிரைவருக்கு ஏதோ யோசனை, லைட்டைப் போடக் கொஞ்சம் பிந்திவிட்டது. இருட்டுக்குள் துவக்கு லோட் பண்ணுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. அன்று அம்மா என் தலையைத் தன் மடிக்குள் அமத்திப் பிடித்ததில் என் கழுத்து பிடித்துக்கொண்டது.

கை தானாகப் போகிறது என்று தெரிந்த பிறகு நான் கவனமாகத்தான் இருந்தேன். கத்தினால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடி என்று எனக்கே சொல்லி வைத்திருந்தேன். சில நாட்கள் அது பலித்தது.

பிறகொரு நாள் பின்னேரம் ஏ13 ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். மழைத் தூறல், நல்ல இருட்டு. கட்டில் கிழவர் அன்று சாப்பிட மறுத்திருந்தார், என் மனம் அவரிடமே நின்றது. பெட்டி ஹைவே மோட்டில் இருந்தது. முதலில் மெல்ல ஒரு பீப். பிறகு நெருங்கி நெருங்கி, மூச்சு விடாமல் ஒரே பீப். கூப்பிடு தூரத்தில் கமரா, இன்றோடு பன்னிரண்டு, இன்றோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கால் பிரேக்கில் ஏறி நின்றது. ஹெட்லைட் போனது. உள் லைட் வந்தது.

பின்னால் லொறியின் ஹோர்ன் கேட்டது. அப்படி ஒரு சத்தத்தை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. என் கார் நடுங்கியது. லொறி அடுத்த லேனுக்குத் தாவி, என் யன்னலை உரசுகிற மாதிரி நீளமாக, முடிவில்லாமல் கடந்து போனது. அதன் சில்லுகள் அடித்த தண்ணீர் கண்ணாடி முழுதும் வழிந்தது. நான் கண்ணை மூடியிருந்தேனோ திறந்திருந்தேனோ தெரியாது. எப்படியோ ஓரத்து ஒதுக்கிடத்தில் காரை ஏற்றி நிறுத்தினேன். நிறுத்தி மூச்சு விடுவதற்குள் பின்னால் நீல லைட் சுழன்றது.

லேஞ்சியை எடுத்துப் பெட்டியை மூடக்கூடத் தோன்றவில்லை. பொலிஸ்காரர் யன்னலடிக்கு வந்தபோது நான் இருந்த கோலத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. உள் லைட் பளிச்சென்று எரிகிறது. அவர் ஒன்றும் கேட்க முதலே லைசென்ஸையும் பாஸ்போர்ட்டையும் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

இளம் ஆள். என் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மது குடித்திருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். ஊதச் சொன்னார், ஊதினேன். இருட்டில் ஓடுகிற காரின் ஹெட்லைட்டை ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டார்.

என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். கவனமில்லாமல் ஓடினேன் என்று அவர் எழுதினாலே போதும், மூன்று பொயின்றுக்குக் குறையாமல் விழும். லைசென்ஸைக் காப்பாற்ற வாங்கின பெட்டியே அதைப் பறிக்கப்போகிறது. பொய் ஒன்றும் வரவில்லை. உண்மைதான் வந்தது, அதுவும் என் அரைகுறை ஆங்கிலத்தில்.

"உங்களுக்கு என்னைத் தெரியவேண்டும் என்றுதான் செய்தேன்," என்றேன். "எங்கள் நாட்டில் துவக்கு வைத்திருப்பவர் நிற்கிற இடத்தில் அப்படிச் செய்யவேண்டும். முன் லைட்டை அணைத்து, உள் லைட்டைப் போடவேண்டும். செய்யாவிட்டால் சுடுவார்கள். இந்தப் பெட்டி கத்தினால் என் கை தானாக அதைச் செய்கிறது."

மழை அவர் தொப்பியிலிருந்து சொட்டியது. பிறகு குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"மேடம், இந்த ரோட்டில் லைட்டை அணைத்தால் உங்களை யாருக்குமே தெரியாது."

பெட்டியை வைத்திருப்பது குற்றமில்லை என்றார், ஆனால் அதன் பேச்சைக் கேட்டு ஓட வேண்டாம் என்றார். ஒன்றும் எழுதவில்லை, எச்சரித்து விட்டுவிட்டார். நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. நான் திரும்பக் காரை எடுக்கும்வரை அவர் தன் காரை எனக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார். எனக்குக் காவலாக நிற்கிறார் என்று அறிவு சொன்னது. பொலிஸ் பின்னால் நிற்கிறான் என்று உடம்பு சொன்னது.

அண்ணை வந்து பெட்டியைக் கழற்றினார். அந்த ரோட்டில் அந்த இடத்தில் கமராவே இல்லை என்று பார்த்துச் சொன்னவரும் அவர்தான்.

"அந்த லொறியின்ர ரேடாரைத்தான் இது கேட்டிருக்கும். பக்கத்தில ஆள் வந்தா டிரைவருக்குச் சொல்ல லொறியளுக்கு அதைப் பூட்டியிருக்கினம். லொறி கிட்ட வர வர இதுவும் பலத்துக் கத்தியிருக்கு."

உன்னை அடிக்க வருகிறது என்று பெட்டி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் வேறொன்றுக்குப் பயந்தேன். மாதாவை எடுத்துத் திரும்ப நடுவில் ஒட்டினேன்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போகக் கார்க் கதவைத் திறந்தேன். உள் லைட் எரியவில்லை. சுவிட்சை அமத்தினேன், அப்போதும் இல்லை. மனுசன் பல்பைக் கழற்றி எடுத்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. விடியக்காலை இருட்டில் நான் கையுறையையும் மருந்துப் பையையும் எப்படித் தேடுவது?

"போனில டோர்ச் இருக்குத்தானே," என்றார். "அந்த லைட் எரியாட்டி உம்மட கை தானா மறக்கும். கொஞ்சக் காலம் எடுக்கும். மறக்கும்."

கொஞ்சக் காலம் எடுக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் அன்று கேட்கவில்லை. வேலைக்குப் பிந்திவிட்டது. கட்டில் கிழவர் அன்று பாலில் ஊறின பிஸ்கட் சாப்பிட்டார், எனக்கு அது போதுமாக இருந்தது. லைசென்ஸும் தப்பியது. பழைய பொயின்ற்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகும்வரை முப்பது மைல் ரோட்டில்கூட இருபதில் போய் எல்லோரிடமும் ஏச்சு வாங்கினேன்.

என் மனுசன் கடைகளுக்கு மரக்கறி கொண்டுபோகிற வான் ஓடுகிறவர். வெங்காய மணத்துக்குப் பயந்து நான் அந்த வானில் ஏறுவதே இல்லை. என் கார் சேர்விஸுக்குப் போன ஒரு நாள் வேறு வழியில்லாமல் ஏறினேன். இருட்டில் தோடு ஒன்று கழன்று சீற்றுக்குக் கீழே விழுந்தது. தேட உள் லைட்டைப் போட்டேன். எரியவில்லை. மூடியைத் தடவிப் பார்த்தேன், உள்ளே பல்ப் இல்லை. தூசிதான் கையில் வந்தது.

"இஞ்சேருங்கோப்பா, இதில பல்ப் எங்க?"

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது வான் வாங்கின கிழமையே கழட்டினது," என்றார்.