குப்பாத்தாள் என்றே போடுங்கள்

செவ்வாய்க்கிழமை காலை சூலூர் பஸ்சுக்காக நின்றுகொண்டிருந்தபோது டீச்சரின் மகள் சுதா போனில் கூப்பிட்டாள். "அய்யா, அம்மா போயிட்டாங்க" என்றாள். பஸ் வந்து, நின்று, போய்விட்டது. நம் கணக்கு டீச்சர் குப்பாத்தாள் எழுபத்திரண்டு வயதில் நம்மை விட்டுப் போய்விட்டார்.

அவருடன் ஒரே பள்ளியில் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். ஜூன் மாதம் புது வகுப்புக்குள் நுழைந்ததும் கரும்பலகையில் தன் பெயரைப் பெரிதாக எழுதுவார். "சிரிக்கறவங்க இப்பவே சிரிச்சுக்கங்க கண்ணு. அப்பறம் வருசம் பூரா கணக்குத்தான், சிரிக்க நேரமிருக்காது" என்பார். பிள்ளைகள் சிரித்து ஓய்ந்ததும் பாடம் தொடங்கும்.

அப்படிப்பட்டவரின் பணிநிறைவு விழாவுக்குத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அழைப்பிதழ் எழுதும் வேலை தமிழாசிரியன் தலையில்தானே விழும்? மேடையில் கல்வி அதிகாரி இருப்பார், கீழே டீச்சரின் சம்பந்தி வீட்டார் இருப்பார்கள். அவர்கள் முன்னால் குப்பாத்தாள் என்று வாசிப்பதா? யாரையும் கேட்காமல் 'கோமளா' என்று அச்சடித்துவிட்டேன். நல்லது செய்துவிட்டதாக நினைப்பு வேறு!

டீச்சர் அழைப்பிதழை இரண்டு முறை படித்தார். "ஏனுங்க தமிழய்யா, இந்தக் கோமளா யாருங்க? அந்தம்மாவே வந்து மாலை போட்டுக்கட்டும். நான் ஊட்டுக்குப் போறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்று சொன்னார். "எனக்கு முன்னால மூணு புள்ளைங்க. ஒண்ணுகூட மாசம் தாண்டலீங்க. நான் பொறந்ததும் எங்கம்மா என்னைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டுல போட்டுட்டாங்க. பக்கத்து ஊட்டு அம்மா எடுத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு ஒரு படி தவிட்டைக் குடுத்து எங்கம்மா என்னைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. எமன் வந்தாலும், இது குப்பைன்னு தாண்டிப் போயிரணும்னு வெச்ச பேருங்க இது. எங்கம்மா கையில அன்னைக்கு வேற மருந்து இல்லீங்க."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். வகுப்பில் பெயர்களுக்குப் பொருள் சொல்லுகிறவன் நான். குழலி, பூங்கோதை என்று காதுக்கு இனிமையானவற்றுக்கு மட்டுமே பொருள் தேடியிருக்கிறேன். புத்திகெட்ட வேலைதான். அன்று மாலையே அச்சகத்துக்குப் போய் மாற்றி அடிக்கச் சொன்னேன். விழாவில் அந்தப் பெயரை நானே வாசித்தேன்.

செவ்வாய் மதியம் அவர் வீட்டில் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு விவரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். சுதாவின் மகன் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறான். "கே. அம்மாள்னு போட்டாப் போதாதுங்களா? ஃபிரண்ட்ஸ் எல்லாம் பாப்பாங்க" என்று மெதுவாகக் கேட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? குப்பைமேட்டில் நடந்ததைச் சொன்னேன். அது அவனுக்குத் தெரியாது. பாட்டியின் காலருகே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போஸ்டர்காரருக்குப் போன் போட்டு, "பேரை முழுசாப் போடுங்ணா. பெருசாவே போடுங்க" என்றான்.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்று உண்டு. இப்போதெல்லாம் யாராவது தன் பெயரைச் சொன்னால், அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று நான் பார்ப்பதில்லை. அதை வைத்தவர் அன்றைக்கு எதற்குப் பயந்திருந்தார் என்றுதான் யோசிக்கிறேன்.